அடகில் இருக்கும் மணிச்சத்து

டீ வருவதற்குள் ஒரு மூட்டையைப் பார்த்துவிடுவோம். உரக்கடையில் அடுக்கியிருக்கும் டிஏபி மூட்டையின் மேல் 18-46-0 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். நடுவில் இருப்பது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். கடைசி எண் சாம்பல் சத்துக்கு. இந்த மூட்டையில் அது கிடையாது. 50 கிலோ மூட்டையில் 46 சதவீதம் என்றால் 23 கிலோ மணிச்சத்து. இதை வயலில் போட்டால் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதம்தான். பேச்சுக்கு 20 என்று வைத்துக்கொண்டால், நாலரைக் கிலோ சொச்சம். மீதி 18 கிலோவுக்கு மேல் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "மண் தின்னுடுச்சு." படித்தவர்கள் இதையே கொஞ்சம் மாற்றி, "நிலைப்பட்டு வீணாகிவிடுகிறது" என்பார்கள். பதில் இதுவானால் அடுத்த முடிவும் தானாக வந்துவிடும்: மண் தின்னும் பங்கையும் சேர்த்து இன்னொரு மூட்டை போடு. பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். இந்தப் பதிலை இப்போதைக்குக் கேட்டு வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பாதி வழியில் பார்க்கலாம்.

முதலில், செடிக்கு இந்தச் சத்து எதற்கு? இலை வெயிலில் சம்பாதிக்கும் ஆற்றலை அப்படியே செலவழிக்க முடியாது. முதலில் சில்லறையாக மாற்றிக்கொள்ள வேண்டும். செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் புழங்கும் அந்தச் சில்லறை பாஸ்பரஸ் கலந்து அடித்த நாணயம். வேர் நீள்வதற்கும், பூ எடுப்பதற்கும், மணி திரள்வதற்கும் இதுதான் செலவாகிறது. மணிச்சத்து என்ற பெயர் சும்மா வரவில்லை. தழைச்சத்து குறைந்தால் பயிர் மஞ்சளாகி ஊருக்கே சொல்லிவிடும். மணிச்சத்து குறைந்த பயிர் சத்தம் போடாது. குட்டையாக, கரும்பச்சையாக நிற்கும், பூப்பது தள்ளிப்போகும், மக்காச்சோளமானால் அடி இலை ஊதா ஓடும். அறுவடையில்தான் குறை தெரியும்.

டீ வந்துவிட்டது; சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். யூரியா ஏறக்குறைய இந்தச் சர்க்கரை மாதிரி. தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். வேருக்கும் போகும், வேரைத் தாண்டிக் கீழேயும் போகும். மணிச்சத்தின் குணம் வேறு. உரக்குருணை கரைந்ததும் அது பாஸ்பேட் என்ற வடிவில் வெளியே வரும். வந்ததும் பக்கத்து மண் துகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் அது நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் உள்ள மண்ணிலிருந்துதான் அதை எடுக்க முடியும்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் பந்திச் சாப்பாடு. இலை முன்னால் உட்கார்ந்தால் பரிமாறுபவர் தேடி வருவார். மணிச்சத்து பஃபே; தட்டை எடுத்துக்கொண்டு நாம்தான் மேசைக்கு நடக்க வேண்டும். நடக்காதவருக்குச் சோறு இல்லை. அந்த நடை முழுவதும் வேரின் வேலை. இனி நாம் பார்க்கப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான்.

மண் ஏன் இப்படிப் பிடித்து வைக்கிறது? செம்மண்ணின் சிவப்பு என்னவென்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். அது இரும்புத் துரு. வெப்ப நாடுகளில் லட்சக்கணக்கான ஆண்டு வெயிலும் மழையும் பாறையைக் கரைத்துக் கரைத்து, சுலபமாகக் கரையும் சுண்ணாம்பையும் மணற்சத்தான சிலிக்காவையும் அடித்துக்கொண்டு போய்விட்டன. கரையாமல் மிஞ்சியவை இரும்பும் அலுமினியமும். அவற்றின் ஆக்சைடுகள் மண் துகள்மேல் பூச்சாகப் படிந்திருக்கின்றன. பாஸ்பேட்டைக் கண்டால் அந்தப் பூச்சு விடாது. இப்படிப் பரப்பில் பற்றிக்கொள்வதைப் புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்பார்கள். நீலகிரி போன்ற மலைகளின் அமில மண்ணில் இந்தப் பிடி மிகக் கடுமை. சமவெளிச் செம்மண்ணில் கொஞ்சம் தளர்வு.

கரிசல் காட்டுக்காரர், "எங்கள் மண்ணில் சிவப்பே இல்லையே, தப்பித்தோமா?" என்று கேட்கலாம். தப்பவில்லை. அங்கே பிடிப்பவர் வேறு ஆள். சுக்கான் கலந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அதில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து லேசில் கரையாத பொருளாகிவிடும். புளிப்பு ஏறிய மண்ணில் இரும்பும் அலுமினியமும், காரம் ஏறிய மண்ணில் கால்சியமும் காவல் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே, அமில கார நிலை 6 முதல் 7 வரை உள்ள மண்ணில்தான் மணிச்சத்து ஓரளவு சுதந்திரமாக இருக்கும்.

இனி சமையலறைக்குப் போவோம். புது இரும்பு தோசைக்கல் வாங்கியவர்களுக்குத் தெரியும்: முதல் சில நாள் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் குடித்துவிடும், தோசையும் ஒட்டும். அதற்காக யாரும் கல்லைத் தூக்கி எறிவதில்லை. விடாமல் பழக்குவோம். பழகிய பிறகு ஒரு சொட்டு எண்ணெய் போதும், தோசை தானே எழும்பும். இரும்புப் பூச்சுள்ள மண்ணும் புதுக்கல்தான். அதன் பரப்பில் பாஸ்பேட் உட்காரும் இடங்கள் ஏராளம். அவை காலியாக இருக்கும்வரை போடுவதில் பெரும்பகுதி அங்கேதான் போகும். கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பினால், அடுத்துப் போடுவதில் பயிருக்குக் கிடைக்கும் பங்கு ஏறும்.

இப்போது முன்பு வைத்த பதிலுக்குத் திரும்புவோம். மண் தின்றதா? தின்றது என்றால் திரும்ப வராது. ஆனால் மண் பிடித்த பாஸ்பேட்டில் நல்ல பகுதி திரும்ப வருகிறது. வேர் பக்கத்து ஈரத்திலிருந்து கொஞ்சம் எடுத்தால், அந்தக் குறையை நிரப்ப மண் துகள் தன்னிடமிருந்து கொஞ்சம் விடும். அடகு வைத்த நகை மாதிரிதான். கழுத்தில் இல்லை, அவசரத்துக்குப் போட முடியாது. ஆனால் நகை நம்முடையதுதான், மீட்டால் வரும். 20 சதவீதம் என்ற கணக்கு, "இந்தப் போகத்தில் போட்டது இந்தப் போகத்துப் பயிருக்குள் எவ்வளவு போயிற்று?" என்ற கேள்விக்கு மட்டுமே பதில். மிச்சம் 80 தொலைந்ததாக அது எங்கேயும் சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொண்டோம்.

சாட்சி வேண்டுமென்றால் இரண்டு இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஒரு வயலில் 1856 முதல் 1901 வரை சில துண்டுகளுக்கு உரமும் எருவும் போட்டார்கள். சில துண்டுகளுக்குப் போடவில்லை. பிறகு மணிச்சத்து போடுவதையே நிறுத்தினார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும், முன்பு மணிச்சத்து பெற்ற துண்டுகளில் பயிர் கூடுதலாக விளைந்தது. அடகில் கிடந்ததைப் பேரன் காலத்துப் பயிர் மீட்டுக்கொண்டிருந்தது. அது குளிர் நாட்டு மண்தானே என்று நீங்கள் கேட்பது நியாயம்.

அதற்குத்தான் இரண்டாவது சாட்சி, பிரேசிலின் செராடோ. சுமார் 20 கோடி எக்டேர். தமிழ்நாட்டைப் போல் பதினைந்து மடங்கு. புளித்த செம்மண், அலுமினியம் மிகுதி, மணிச்சத்து ஏறக்குறைய இல்லை. ஒன்றும் விளையாது என்று ஒதுக்கிய பூமி அது. 1970களிலிருந்து அங்குள்ள விஞ்ஞானிகள் முதலில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தார்கள். தொடக்கத்தில் தாராளமாக மணிச்சத்து கொடுத்துக் கல்லைப் பழக்கினார்கள். பிறகு பயிர் எடுத்துப்போகும் அளவுக்குப் பராமரிப்பு உரம் போட்டார்கள். இன்று அது உலகின் பெரிய சோயா வயல்களில் ஒன்று. இந்த மாற்றத்துக்காக எட்சன் லொபாட்டோ, அலிசன் பவுலினெல்லி, காலின் மெக்ளங் மூவருக்கும் 2006இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதற்காக அழிந்த இயற்கைக் காடும் புல்வெளியும் கொஞ்சமல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதையே நம் ஊர்க் கணக்காகப் போடுவோம். ஒரு டன் நெல், வைக்கோலையும் சேர்த்து, மண்ணிலிருந்து எடுத்துப்போகும் மணிச்சத்து சுமாராக 6 கிலோ. நாலு டன் விளைந்தால் 24 கிலோ. கிட்டத்தட்ட ஒரு டிஏபி மூட்டை. பழகிய மண்ணில், போட்டது 23, போனது 24 என்று கணக்கு நேராகிவிடும். இந்த வருடப் பயிர் தின்றது இந்த வருட மூட்டையாக இல்லாமல் போன வருடத்து மிச்சமாக இருக்கலாம். மொத்த வரவு செலவு சரியாக இருந்தால் போதாதா? உலக உணவு வேளாண்மை அமைப்பு 2008இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இந்தக் கோணத்தில்தான் பார்த்தது. பல ஆண்டுக் கணக்காக எடுத்தால் மணிச்சத்தின் பயன்பாடு 90 சதவீதம் வரைகூட எட்டலாம் என்றது.

அதற்காக அடகைச் சுகமான ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். வட்டி உண்டு. துகளின் மேல்பரப்பில் ஒட்டிய பாஸ்பேட், நாள் ஆக ஆக இரும்பு ஆக்சைடின் உள்ளே நுழைந்துவிடும். உள்ளே போனதை மீட்க அதிக நாள் ஆகும்; கடும் பிடியுள்ள மண்ணில் ஒரு பகுதி நம் ஆயுளில் திரும்பாமலே போகலாம். ஆக, மணிச்சத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த நமக்கு இரண்டே வேலை. ஒன்று, புதிதாகப் போடுவதில் அடகுக்குப் போவதைக் குறைப்பது. இன்னொன்று, ஏற்கெனவே அடகில் இருப்பதை மீட்பது.

முதல் வேலையில் முதல் பாடம், இடம். குருணையை வயல் முழுக்க விசிறினால் ஒவ்வொரு குருணையும் ஏராளமான மண்ணைத் தொடும். ஏராளமான அடகுக் கடைக்காரர்களிடம் மாட்டிக்கொள்ளும். அதையே விதைக்குக் கீழே அல்லது பக்கத்தில், சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளிக் கோடாக இட்டால், தொடும் மண் குறைவு. அந்தச் சின்ன இடத்து இருக்கைகள் சீக்கிரம் நிரம்பி, மிச்சம் வேருக்கு நிற்கும். இளம் வேருக்கு நடையும் மிச்சம். இதனால்தான் மணிச்சத்து எப்போதும் அடியுரம். நின்ற பயிரில் டிஏபியை மேலே தூவினால் அது நகராமல் மேல் மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். அதன் பிறகு தெரியும் பச்சை, கூடவே வந்த 18 சதவீதத் தழைச்சத்தின் வேலை.

மலைத் தோட்டத்தில் இந்த விதி அப்படியே தலைகீழாகும். அங்கே போடுவது பாறை பாஸ்பேட்; தண்ணீரில் கரையாத பாறைத் தூள். அதைக் கரைக்க மண்ணின் புளிப்பு வேண்டும். எவ்வளவு மண்ணைத் தொடுகிறதோ அவ்வளவு கரையும். ஆகவே அதை நைசாக அரைத்து மண்ணோடு கலக்க வேண்டும். நீலகிரித் தேயிலைக்கு அது பொருந்துவதும், இலங்கையின் எப்பாவல பாறை பாஸ்பேட் தேயிலை, ரப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குப் போவதும் இதனால்தான். சுக்கான் மண்ணில் அதே தூளைப் போட்டால் வெறும் கல்லாகவே கிடக்கும். உரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. அது எந்த மண்ணில் எப்படிக் கரையும் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது பாடம், துண்டு. பஸ் நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். தொழு உரம் மக்கும்போது வரும் அங்கக அமிலங்கள் இதைத்தான் செய்கின்றன. இரும்புத் துகளில் பாஸ்பேட் உட்கார வேண்டிய இருக்கையில் இவை துண்டைப் போட்டுவிடும். இடமில்லாத பாஸ்பேட் வெளியே நிற்கும், வேர் எடுத்துக்கொள்ளும். நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிக்குச் சொல்லும் ஊட்டமேற்றிய தொழு உரம் இந்தத் துண்டு வித்தைதான். ஒரு எக்டேருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டை 750 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து, குவித்து மூடி, ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து, விதைக்கும்போது போடுவார்கள். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

இனி மீட்கும் வேலை. இதில் நமக்குத் தெரியாமலே ஒரு வல்லவர் நம் சாம்பாரில் மிதக்கிறார்: துவரை. ஐதராபாத் அருகே உள்ள சர்வதேச ஆராய்ச்சி மையமான இக்ரிசாட்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் செய்த ஆய்வு 1990இல் வெளியானது. மற்ற பயிர்கள் தொட முடியாத, இரும்போடு பிணைந்த பாஸ்பேட்டைச் செம்மண்ணில் துவரை எடுத்து வளர்வதைக் கண்டார்கள். துவரையின் வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசிகிறது. அது இரும்பைக் கவ்விக்கொள்ள, பிடி விட்டுப்போன பாஸ்பேட் வெளியே வருகிறது. உதிரும் துவரை இலையும் வேரும் மக்கும்போது அதில் ஒரு பங்கு அடுத்த பயிருக்குப் போகும். சோளத்தோடு துவரையை ஊடுபயிராகப் போட்ட நம் முன்னோருக்கு அமிலத்தின் பெயர் தெரியாது, பலன் தெரிந்திருந்தது.

வேருக்குக் கை நீளமாக்க ஒரு கூட்டாளியும் உண்டு. வேர் உட்பூசணம் என்பது அதன் பெயர். கடைக்காரர் 'வேம்' என்பார். வேருக்குள் குடியிருந்துகொண்டு, வேரைவிட மிக மெல்லிய இழைகளைச் சில சென்டிமீட்டர் தூரத்துக்கு மண்ணில் ஓடவிட்டு, மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொள்ளும். பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் அமிலம் கசிந்து, பிணைந்ததைக் கரைக்கும். இரண்டும் இருப்பதை மீட்பவை மட்டுமே; இல்லாததை உண்டாக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மணிச்சத்தை அளவுக்கு மேல் கொட்டினால், கூலி கொடுக்க அவசியமில்லை என்று செடி பூசணத்தைக் கைவிட்டுவிடும். அதிகம் போடுவது நம் வேலையாளை நாமே துரத்துவது.

நெல் வயலில் தண்ணீரே மீட்பவர். நீர் கட்டியதும் சில வாரங்களில் மண்ணில் காற்று தீர்ந்து, இரும்பு வேறு வடிவத்துக்கு மாறும். மாறும்போது பிடித்திருந்த பாஸ்பேட்டை விட்டுவிடும். நெல்லுக்கு அது திருவிழா. வயல் காய்ந்ததும் இரும்பு பழைய குணத்துக்கு வந்து முன்னைவிட இறுக்கிப் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் டெல்டாவில் நெல் தரிசு உளுந்து வளர்கிறது. நெல் அறுப்பதற்கு முன்பே விதைத்துவிடுவதால் அடியுரம் வைக்கவும் வழியில்லை. அதனால் மண்ணைச் சுற்றிக்கொண்டு போகிறோம். டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை எடுத்து, 2 சதவீதக் கரைசலாகப் பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் இலையில் தெளிக்கிறோம். அடகுக் கடைத் தெருவுக்கே போகாத வழி அது.

எவ்வளவு போடுவது என்பதற்கு மண் பரிசோதனை அட்டையைத்தான் கேட்க வேண்டும். ஒரு எக்டேர் மேல் மண்ணில் மொத்த மணிச்சத்து ஆயிரம் கிலோவைக்கூட நெருங்கலாம். ஆய்வகம் சொல்லும் எண்ணோ 10, 20 கிலோ என்று இருக்கும். அந்த எண் சீக்கிரம் மீளக்கூடிய நகையைக் காட்டுகிறது. மொத்த அடகை அல்ல. நம் மாநில அளவுகோலில் 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 22க்கு மேலே அதிகம். அதிகம் என்று வந்தால் கல் பழகிவிட்டது என்று அர்த்தம், உரத்தைக் குறைக்கலாம். குறைக்காமல் கொட்டினால் துத்தநாகப் பற்றாக்குறை தலைகாட்டும். துத்தநாக சல்பேட்டை மணிச்சத்து உரத்தோடு கலந்து போடாதீர்கள் என்று சொல்வதும் இந்த இருவருக்கும் ஒத்துப்போகாததால்தான். சிக்கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: டிஏபி மூட்டையின் மூலப்பொருள் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. உலகில் கையிருப்பாக உள்ள பாஸ்பேட் பாறையில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோ பக்கம் இருக்கிறது.

அப்படியானால் மணிச்சத்து உண்மையிலேயே தொலைவதே இல்லையா? தொலையும். நகையை வாங்கி வைத்த அடகுக் கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகக் கடையைக் காலி செய்துகொண்டு ஓடினால் தொலையும். கோடை மழையில் வரப்பை உடைத்துக்கொண்டு செந்நிறமாக ஓடும் தண்ணீர் அதுதான். பாஸ்பேட் ஒட்டியிருப்பது மிக நுண்ணிய களித்துகளில். மழை முதலில் அடித்துக்கொண்டு போவதும் அதைத்தான். ஆகவே வரப்பை உயர்த்துவதும், சரிவுக்குக் குறுக்கே உழுவதும், மண்ணை மூடி வைப்பதும்கூட மணிச்சத்துச் சிக்கனம்தான்.

ஓடிய கடைக்காரர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதும் நமக்குத் தெரிந்ததே. கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளி வயலில் கொட்டும் வழக்கம் ஏன் வந்தது என்று யோசித்திருப்பீர்கள். மேட்டு வயல்களிலிருந்து பல வருடமாகக் கரைந்துபோன களி, நகைகளோடு அந்தப் பள்ளத்தில்தான் கடை விரித்திருக்கிறது. அடுத்த கோடையில் வண்டல் ஏற்றிய டிராக்டர் உங்களைக் கடந்து போனால் ஒதுங்கி வழி விடுங்கள்; யாரோ ஒருவருடைய நகை வீடு திரும்புகிறது.